மேசையில் இரண்டாவது திரை

ஒவ்வொரு மாதமும் 14-ஆம் தேதி எங்கள் அலுவலகத்தில் பிரிண்டர் ஓயாது. அன்றுதான் ஜி.எஸ்.டி. தளத்தில் 2பி அறிக்கை வரும். நாம் கணக்குப் பார்க்கும் கட்சிக்காரர்களுக்குச் சரக்கு விற்றவர்கள் என்னென்ன இன்வாய்ஸ் ஏற்றியிருக்கிறார்கள் என்பது அதில் இருக்கும். அதை டாலி என்ற கணக்கு சாஃப்ட்வேரில் உள்ள கொள்முதல் பதிவோடு ஒத்துப் பார்த்து, 20-ஆம் தேதிக்குள் 3பி என்ற மாத வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். நடுவில் ஆறே நாள். அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

பெங்களூர் அல்சூரில், ஒரு மாடிப்படி ஏறிப் போகும் சின்ன அறைதான் எங்கள் கணக்கு அலுவலகம். அப்பா ஆரம்பித்தது. அப்பா காலத்திலிருந்து கூடவே இருக்கும் அக்கா ஒருவர் இன்னும் எங்களோடு வேலை பார்க்கிறார். வரவு செலவுப் பேரேட்டைக் கையால் எழுதிய நாளிலிருந்து இன்றுவரை அவர் போட்ட கணக்கில் தப்பு வந்து நான் பார்த்ததில்லை. என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார்.

அக்கா 2பி-யை அச்செடுத்துக்கொள்வார். பெரிய கட்சிக்காரர் என்றால் நாற்பது பக்கம்கூடப் போகும். கீபோர்டுக்கு இடது பக்கம் தாளை வைத்து, ஒரு அடி ஸ்கேலை வரிக்குக் கீழே நகர்த்தி நகர்த்தி, திரையில் டாலியைப் பார்த்து, பென்சிலால் டிக் அடிப்பார். தலை கீழே, தலை மேலே, தலை கீழே. ஆறு நாளும் இதே. பழக்கத்தை விடமாட்டாமல் தாளைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்றுதான் நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். போன வருடம் ஒருநாள் சாயங்காலம், கழுத்தைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னது வேறு.

"தம்பி, ஸ்கிரீன்லயே பார்க்கலாம்னுதான் எனக்கும் ஆசை. ஆனா அந்த ஜன்னல்லேர்ந்து இந்த ஜன்னல் வர்றதுக்குள்ள நம்பர் மறந்துபோவுது."

அவர் சொன்னது முழு உண்மை. ஜி.எஸ்.டி. எண் 15 எழுத்து. இன்வாய்ஸ் எண் 16 எழுத்து வரை போகலாம். சாய்கோடு, சிறு கோடு, வருடம், எல்லாம் அதற்குள்ளேயே வரும். அதைத் தலையில் தூக்கிக்கொண்டு எக்செலிலிருந்து டாலிக்குத் தாவி, அங்கே தேடி, திரும்பி வந்து, எந்த வரியில் விட்டோம் என்று மறுபடி கண்டுபிடிப்பது யாருக்குமே கஷ்டம். தாள் என்பது அக்காவுக்கு இரண்டாவது திரை. நான் வாங்கிக் கொடுக்காத திரை. அதைக் காகிதத்தில் அவரே செய்துகொண்டிருந்தார்.

அன்றைக்கே முடிவு செய்தேன், எல்லா மேசைக்கும் இரண்டு மானிட்டர் என்று. அடுத்த மூன்று மாதம் அதில் நான் பட்டதையும் கற்றதையும்தான் இங்கே எழுதுகிறேன். நம்மைப் போன்ற சின்ன அலுவலகங்களில் இருப்பவை பெரும்பாலும் இதே குட்டி கம்ப்யூட்டர்கள்தான் என்பதால், யாருக்காவது ஒரு சனிக்கிழமை மிச்சமாகும்.

முதலில் அந்தப் பெட்டியைப் பற்றி. பக்கத்துக்குச் சுமார் 18 சென்டிமீட்டர், கனம் மூன்றரை சென்டிமீட்டர். கொள்ளளவு ஒரு லிட்டரைக் கொஞ்சம் தாண்டும். டெல் இதை மைக்ரோ என்கிறது, எச்.பி. மினி என்கிறது, லெனோவோ டைனி என்கிறது. பெரிய கம்பெனிகள் சில வருடம் ஓட்டிவிட்டுக் கழிக்கும் பெட்டிகள் பெங்களூரில் வேண்டிய மட்டும் கிடைக்கும். சுத்தம் செய்து, புது எஸ்.எஸ்.டி. போட்டு விற்கிறார்கள். நாங்கள் வாங்கிய ஐந்தும் அப்படி வந்தவைதான். மேசைக்கு அடியில் காலை இடித்துக்கொண்டிருந்த பழைய டவர் கேபினட் போன பிறகு, அந்த அறையில் ஒரு நாற்காலி கூடுதலாகப் போட இடம் கிடைத்தது.

இரண்டு மானிட்டர் போடப் போகிறேன் என்று சொன்னதும், விவரம் தெரிந்தவர்கள் என்று நான் நம்பியவர்களே, "அதுக்கு கிராபிக்ஸ் கார்டு வேணும், இந்த டப்பாவுல கார்டு போட ஸ்லாட் ஏது, எல்லாத்தையும் வித்துட்டு டவர் வாங்கிடுங்க" என்றார்கள். ஸ்லாட் இல்லை என்பது பெரும்பாலும் சரிதான். உள்ளே லேப்டாப் ரேம், லேப்டாப் அளவு ஹார்ட் டிஸ்க், கரண்டுக்கு வெளியே செங்கல் மாதிரி ஒரு 65 அல்லது 90 வாட் அடாப்டர். கார்டுக்கு இடமே கிடையாது. ஆனால் கார்டு தேவை என்பது தப்பு. 2012-இல் வந்த மூன்றாம் தலைமுறை இன்டெல் பிராசசரிலிருந்தே, அதோடு வரும் கிராபிக்ஸ் மூன்று திரை வரை ஓட்டக்கூடியது. பல திரை என்ற வசதியை விண்டோஸ் 98-லேயே கொடுத்துவிட்டார்கள். ஆக, எங்கள் ஐந்து பெட்டிகளுக்கும் அந்தத் திறமை வாங்கிய நாளிலிருந்தே இருந்தது. அந்தப் படம் வெளியே வரும் வாசல் எது, அதில் என்ன கேபிள் மாட்டுவது என்பது மட்டும்தான் கேள்வி. நான் அதைக் கேட்காமல் கடைக்குப் போய்விட்டேன்.

அல்சூரில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் பச்சை லைனுக்கு மாறி, சிக்பேட்டையில் இறங்கி நடந்தால் எஸ்.பி. ரோடு. பெங்களூரில் கம்ப்யூட்டர் சாமான் என்றால் இன்றைக்கும் அந்தத் தெருதான். ஆள் அகலத்துக்கு ஒரு கடை, கூரை வரை தொங்கும் கேபிள், நடுவில் ஹாரன் அடித்துக்கொண்டே போகும் சரக்கு ஆட்டோ. ஒரே கடையில் கன்னடம், தமிழ், இந்தி, உருது நாலும் ஒரே மூச்சில் கேட்கும். முதல் கடையில் நின்று, "மானிட்டருக்குப் படம் போற ஒரு எச்.டி.எம்.ஐ.யை ரெண்டாக்கணும்" என்றேன். கடைப் பையன் உடனே ஒரு சின்ன கறுப்புப் பெட்டியை எடுத்து வைத்தான். ஸ்பிளிட்டர். ஐந்து மேசைக்கும் சேர்த்து ஐந்து வாங்கி வந்தேன்.

மாட்டினால் இரண்டு மானிட்டரிலும் ஒரே படம். அச்சு அசலாக அதே படம். இடது பக்கம் டாலி திறந்தால் வலது பக்கமும் அதே டாலி. செட்டிங்ஸில் ஒரு மணி நேரம் தேடினேன், இரண்டாவது மானிட்டர் என்று விண்டோஸ் எதையுமே காட்டவில்லை. ஸ்பிளிட்டர் செய்யும் வேலையே அவ்வளவுதான். உள்ளே வரும் ஒரு படத்தைப் பிரதி எடுத்து இரண்டு பக்கம் அனுப்பும். கல்யாண மண்டபத்தில் மேடையில் நடப்பதை நாலு டி.வி.யில் காட்ட அது சரியான சாமான். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை, தன்னிடம் ஒரு மானிட்டர்தான் இருக்கிறது என்றே அது நினைத்துக்கொண்டிருக்கும். நமக்கு வேண்டியது இரண்டு தனித்தனிப் படம். அதற்கு இரண்டு தனித்தனி வாசல் வேண்டும். பையன்மேல் குற்றமில்லை. நான் கேட்டதைத்தான் கொடுத்தான்.

அடுத்த சனிக்கிழமை திரும்பவும் போனேன். இந்தத் தடவை ஒரு சந்துக்குள் இருந்த கடை. வயதான ஒருவர், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பழைய மதர்போர்டு ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏனு பேக்கு சார்?", என்ன வேண்டும் என்று கன்னடத்தில் ஆரம்பித்தவர், நான் பேசியதும் தமிழுக்கு மாறினார். கதையைச் சொன்னேன்.

"பின்பக்கம் போட்டோ இருக்கா?" என்றார்.

"கம்ப்யூட்டரா, மானிட்டரா?"

"ரெண்டும்தான் சார். ரெண்டு முனையும் தெரியாம கேபிள் எப்படிக் கொடுக்கிறது?"

போட்டோ இல்லை. அலுவலகத்தில் இருந்த பையனுக்கு போன் போட்டு, ஐந்து பெட்டியின் முதுகையும், எல்லா மானிட்டரின் முதுகையும் படம் எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பச் சொன்னேன். வந்ததும் பெரியவர் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து, ஒரு பழைய பில்லின் பின்னால் கணக்கு எழுதினார். எங்கள் நாலு பெட்டிகளில் ஒவ்வொன்றிலும் ஒரு எச்.டி.எம்.ஐ., அதேபோலப் படம் வெளியே வரும் இன்னொரு வகைத் துளையான டிஸ்பிளேபோர்ட் ஒன்று. அக்காவின் பெட்டியில் மட்டும் இரண்டு டிஸ்பிளேபோர்ட். எல்லாவற்றிலும் மூன்றாவதாக ஒரு இடம் தகடு போட்டு மூடியிருந்தது. வாங்கியவர் கேட்டால் பழைய வகை வி.ஜி.ஏ.வோ இன்னொரு டிஸ்பிளேபோர்ட்டோ வைத்துக் கொடுக்க விட்ட இடமாம் அது.

எச்.டி.எம்.ஐ., டிஸ்பிளேபோர்ட் இரண்டையும் பார்த்தவுடன் பிரிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். எச்.டி.எம்.ஐ. துளைக்குக் கீழ்ப்பக்கம் இரண்டு மூலையும் சரிந்திருக்கும். டிஸ்பிளேபோர்ட்டுக்கு ஒரே ஒரு மூலை மட்டும் வெட்டியிருக்கும். அளவு ஏறக்குறைய ஒன்றுதான். அலுவலகத்தில் பாதிப் பேர் இரண்டையும் எச்.டி.எம்.ஐ. என்றே நினைத்து, போகாத துளையில் அழுத்திக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் சாதாரண மானிட்டர்களில் எச்.டி.எம்.ஐ.யும் வி.ஜி.ஏ.வும் மட்டும்தான். விலை குறைந்த மானிட்டர்களில் இதுதான் வழக்கம். அப்படியென்றால் ஒரு மானிட்டருக்கு நேர் எச்.டி.எம்.ஐ. கேபிள். இன்னொன்றுக்கு, கம்ப்யூட்டர் பக்கம் டிஸ்பிளேபோர்ட், மானிட்டர் பக்கம் எச்.டி.எம்.ஐ. உள்ள கேபிள். பெரியவர் அதைக் கையில் கொடுக்கும்போது முனையைத் தொட்டுக் காட்டிச் சொன்னார்: "இது கம்ப்யூட்டர் பக்கம். இது மானிட்டர் பக்கம். மாத்தி மாட்டினா வேலை செய்யாது."

நான் நம்பவில்லை. கம்பிதானே, எந்தப் பக்கம் இருந்தால் என்ன என்று தோன்றியது. வீட்டுக்கு வந்து படித்த பிறகுதான் புரிந்தது. எச்.டி.எம்.ஐ.யும் டிஸ்பிளேபோர்ட்டும் பேசும் பாஷையே வேறு. ஆனால் பெரும்பாலான கம்ப்யூட்டர்களின் டிஸ்பிளேபோர்ட்டுக்கு இரண்டு பாஷையும் தெரியும். மறுமுனையில் இருப்பது எச்.டி.எம்.ஐ. என்று தெரிந்ததும் அந்த பாஷைக்கு மாறிக்கொள்ளும். எங்களிடம் கன்னடத்திலிருந்து தமிழுக்கு மாறிய அந்தப் பெரியவரைப் போலத்தான். அப்படிப்பட்ட துளைக்குப் பக்கத்தில் டிஸ்பிளேபோர்ட் சின்னத்தோடு இரண்டு கூட்டல் குறி போட்டிருப்பார்கள். எச்.டி.எம்.ஐ. வாசலுக்கு இந்த இரண்டாவது பாஷை தெரியாது. அதனால் எச்.டி.எம்.ஐ. உள்ள கம்ப்யூட்டரிலிருந்து டிஸ்பிளேபோர்ட் மட்டும் உள்ள மானிட்டருக்குப் போக வேண்டுமென்றால் சும்மா கேபிள் போதாது, நடுவில் மொழிபெயர்க்கும் சிப் வைத்த அடாப்டர் வேண்டும். அதற்குப் பெரும்பாலும் யூ.எஸ்.பி.யிலிருந்து கரண்டும் கொடுக்க வேண்டியிருக்கும், விலையும் சில மடங்கு. கடையில் கேட்கும்போது "டிஸ்பிளேபோர்ட் டு எச்.டி.எம்.ஐ." என்று சொன்னால் மட்டும் போதாது. எது கம்ப்யூட்டர் பக்கம் என்று சொல்லிக் கேளுங்கள்.

நாலு மேசையும் அரை மணி நேரத்தில் முடிந்தது. கேபிள் மாட்டி, விண்டோஸ் கீயையும் பி எழுத்தையும் சேர்த்து அழுத்தி, எக்ஸ்டெண்ட் என்பதைத் தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது. டிரைவர் கிடையாது, கார்டு கிடையாது.

அக்காவின் மேசைதான் என்னை இரண்டு வாரம் தூங்கவிடவில்லை.

அவருக்கென்று நல்லதாகவே வாங்க வேண்டும் என்று, ஒரே மாடலில் இரண்டு 24 அங்குல மானிட்டர் வாங்கியிருந்தேன். இரண்டிலும் டிஸ்பிளேபோர்ட் உண்டு. பெட்டியிலும் இரண்டு டிஸ்பிளேபோர்ட். இதைவிடச் சுலபம் வேறில்லை என்று, ஆன்லைனில் விலை குறைவாகக் கிடைத்த இரண்டு கேபிள் வாங்கி மாட்டினேன். படம் அருமையாக வந்தது. அக்கா இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரெண்டு மேசை போட்ட மாதிரி இருக்குது தம்பி" என்றார்.

மறுநாள் காலை கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை. பட்டனை அழுத்தினால் ஒரு அசைவும் இல்லை. பவர் செங்கலைக் கழற்றி மாட்டினேன், யூ.பி.எஸ்.ஸை விட்டு நேராகச் சுவரில் மாட்டினேன், ரேமைக் கழற்றித் துடைத்துப் போட்டேன். கடைசியில் எல்லா வயரையும் கழற்றிவிட்டு வெறும் கரண்டை மட்டும் கொடுத்தபோது உயிர் வந்தது. எல்லாம் மாட்டினேன், நன்றாக ஓடியது. அதற்கடுத்த நாள் காலை மறுபடி அதே கதை. அது 16-ஆம் தேதி. 3பி-க்கு நாலு நாள் இருக்கிறது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. பழைய தாளையும் ஸ்கேலையும் எடுத்து வைத்துக்கொண்டு, பக்கத்து மேசை டாலியைப் பார்த்து வேலையை ஆரம்பித்துவிட்டார். எனக்கு அதுதான் அதிகம் வலித்தது.

இரண்டு நாள் கழித்து ஒரு இரவு, கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுக் கிளம்பும்போது ஒன்றைக் கவனித்தேன். கரண்டு வயரைக் கையால் பிடுங்கிய பிறகும் அந்தப் பெட்டியின் முன்னால் இருந்த சின்ன விளக்கு மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. பெட்டிக்குக் கரண்டு எங்கிருந்து வருகிறது? மானிட்டரிலிருந்து. கேபிள் வழியாக.

டிஸ்பிளேபோர்ட் துளைக்குள் 20 ஊசிகள் உண்டு. இருபதாவது ஊசியில் 3.3 வோல்ட் கரண்டு வரும். கம்ப்யூட்டர் பக்கமும் வரும், மானிட்டர் பக்கமும் வரும். அந்தந்தத் துளையில் நேராகச் செருகும் சின்ன அடாப்டர்களுக்குக் கரண்டு கொடுப்பதற்காக வைத்தது அது. இரண்டு பக்கமும் கரண்டு வருவதால், சாதாரண கேபிளுக்குள் இருபதாவது கம்பியை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இணைக்கவே கூடாது. டிஸ்பிளேபோர்ட்டை வகுத்த வெசா அமைப்பின் விதி அது. விலை குறைந்த சில கேபிள்களில், 20 ஊசிக்கு 20 கம்பி என்று எல்லாவற்றையும் இணைத்துவிடுகிறார்கள். அப்போது மானிட்டரின் கரண்டு அணைந்திருக்கும் கம்ப்யூட்டருக்குள் பின்பக்கமாக ஏறும். அந்தப் பெட்டி முழுசாகவும் அணையாது, முழுசாகவும் எழாது. எங்களுக்கு நடந்தது அதுதான். நாள்பட இருந்தால் போர்ட்டையே கெடுத்துவிடவும் கூடும்.

வெசா முத்திரை உள்ள இரண்டு கேபிள் வாங்கி மாற்றினேன். அன்றிலிருந்து இன்றுவரை ஒரு காலைகூட அந்தப் பெட்டி மறுக்கவில்லை. டிஸ்பிளேபோர்ட் மாட்டிய பிறகு உங்கள் கம்ப்யூட்டர் காலையில் எழ மறுத்தால், ரேமைத் தொடுவதற்கு முன்னால் அந்தக் கேபிளை மட்டும் பிடுங்கிவிட்டு அழுத்திப் பாருங்கள். பிடுங்கும்போது முனையின் மேல் ஒரு சின்ன பட்டன் இருந்தால் அதை அழுத்திக்கொண்டு இழுக்க வேண்டும். உள்ளே கொக்கி இருக்கிறது, பலம் காட்டினால் துளை பெயர்ந்து வரும்.

இனி சில விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். யூ.எஸ்.பி.யில் மாட்டி எச்.டி.எம்.ஐ. வெளியே எடுக்கும் அடாப்டர்கள் கிடைக்கின்றன. பெட்டியில் ஒரே ஒரு படவாசல்தான் இருக்கிறது, வேறு வழியே இல்லை என்றால் மட்டும் அதற்குப் போங்கள். தனியாக டிரைவர் போட வேண்டும். படத்தைச் சுருக்கி அனுப்பும் வேலையை பிராசசர் செய்ய வேண்டியிருக்கும், பழைய பெட்டி திணறும். நீள்வட்டமான சி வகை யூ.எஸ்.பி. துளை இருந்தாலே அதில் படம் வரும் என்று நம்பிவிடாதீர்கள். சிலவற்றில் வரும், பலவற்றில் வெறும் டேட்டாதான். ஒரு மானிட்டரிலிருந்து அடுத்த மானிட்டருக்குச் சங்கிலியாகக் கோர்ப்பதும் முடியும், ஆனால் முதல் மானிட்டரில் டிஸ்பிளேபோர்ட் வெளியேறும் துளை இருக்க வேண்டும். மலிவு மானிட்டரில் அது இருக்காது. 4கே மானிட்டர் ஆசை இருந்தால், இந்த வயதுப் பெட்டிகளில் எச்.டி.எம்.ஐ. பெரும்பாலும் 1.4 பதிப்புதான். அதில் 4கே விநாடிக்கு 30 தடவைதான் புதுப்பிக்கும், மவுஸ் தத்தித் தத்திப் போகும். டிஸ்பிளேபோர்ட் 1.2 வழியாகவே போங்கள், 60 கிடைக்கும். கணக்கு வேலைக்கு சாதாரண ஃபுல் எச்.டி.யே தாராளம். எண் பெரிதாகத் தெரியும், கண்ணுக்கும் நல்லது.

யூ.பி.எஸ்.ஸை மறந்துவிடாதீர்கள். எங்களுடையதில் பின்னால் மூன்றே மூன்று பிளக். கம்ப்யூட்டர், இரண்டு மானிட்டர், அத்தோடு முடிந்தது. மோடத்துக்கு இடமில்லாமல் போய், கரண்டு போன ஒரு மத்தியானம் எல்லாத் திரையும் எரிந்துகொண்டிருக்க இன்டர்நெட் மட்டும் செத்துக் கிடந்தது. இந்த அளவு மானிட்டர் ஒன்று 20, 25 வாட்தான் இழுக்கும், அதனால் யூ.பி.எஸ்.ஸுக்குச் சுமை ஒரு பிரச்சினையே இல்லை. பிளக் எண்ணிக்கைதான் பிரச்சினை. மோடத்துக்குத் தனியாக ஒரு குட்டி யூ.பி.எஸ். வாங்கி வைத்தோம்.

விண்டோஸில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான், ஆனால் அதைச் செய்யாமல் விட்டால் ஆட்கள் இரண்டாவது திரையை வெறுத்துவிடுவார்கள். டிஸ்பிளே செட்டிங்ஸில் 1, 2 என்று இரண்டு கட்டம் தெரியும். ஐடென்டிஃபை அழுத்தினால் எந்த மானிட்டர் எந்த எண் என்று திரையிலேயே பெரிதாகக் காட்டும். மேசையில் எது இடது பக்கம் இருக்கிறதோ, கட்டத்திலும் அதை இடது பக்கம் இழுத்து வையுங்கள். தலைகீழாக இருந்தால், வலது பக்கத் திரைக்குப் போக மவுஸை இடது பக்கம் தள்ள வேண்டியிருக்கும். எங்கள் அலுவலகத்தில் ஒரு தம்பி ஒரு வாரம் அப்படியே வேலை பார்த்திருக்கிறான், கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு. இன்னொன்று, இரண்டு கட்டத்தின் மேல்விளிம்பும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். ஒன்று கொஞ்சம் இறங்கியிருந்தால், மவுஸ் எல்லையில் போய்ச் சுவரில் மோதியது போல நிற்கும்.

ஜன்னலை ஒரு திரையிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்ப, விண்டோஸ், ஷிஃப்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு அம்புக்குறியை அழுத்தினால் போதும். டிஸ்பிளேபோர்ட்டில் இன்னொரு குணம் உண்டு. மானிட்டரை பட்டனில் அணைத்தால், அந்த மானிட்டரே இல்லை என்று கம்ப்யூட்டர் முடிவு செய்துவிடுவது உண்டு. திறந்திருந்த ஜன்னலெல்லாம் மற்ற திரைக்கு ஓடிவிடும். சாப்பாட்டுக்கு எழும்போது மானிட்டரை அணைப்பது அக்காவின் பழக்கம். திரும்பி வந்தால் எல்லாம் ஒரே குவியல். விண்டோஸ் 11-இல் மானிட்டர் இணைப்பைப் பொறுத்து ஜன்னல் இருந்த இடத்தை நினைவில் வைக்கும் ஒரு டிக் பெட்டி இருக்கிறது, அதைப் போட்டுவிட்டேன். அதோடு, மானிட்டரைத் தொடாமல் விண்டோஸையும் எல் எழுத்தையும் அழுத்திவிட்டு எழுந்து போகச் சொன்னேன். இப்போது எல்லாம் வைத்த இடத்தில் இருக்கிறது.

நாலு மேசையில் பழைய மானிட்டரும் புது மானிட்டரும் ஜோடி. ஒன்று மஞ்சளடிக்கும், ஒன்று நீலமடிக்கும். ஒரே எக்செல் தாள் இரண்டு நிறத்தில் தெரிந்தால் கண் சோர்ந்துவிடும். இரண்டு மானிட்டரின் மெனுவிலும் கலர் வெப்பத்தை 6500 என்று வைத்து, வெளிச்சத்தைக் கண்ணால் ஒத்துப் பார்த்துச் சரிசெய்தோம். முழுசாக ஒத்துவராது. போதுமான அளவு வந்தது.

கடைசியாக, வைக்கும் விதம். எனக்கு இதுதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம் என்று இப்போது படுகிறது, ஏனென்றால் ஆரம்பித்ததே ஒரு கழுத்து வலியில்தான். இரண்டு திரையையும் சரிபாதி பார்ப்பவர்களுக்கு, இரண்டும் சேரும் இடம் மூக்குக்கு நேராக வர வேண்டும், லேசாகப் புத்தகம் திறந்தது போல உள்ளே மடிந்திருக்க வேண்டும். ஒன்றையே அதிகம் பார்ப்பவர்களுக்கு, அது நேர் எதிரே, மற்றது பக்கத்தில் சாய்வாக. தூரம் ஒரு கை நீளம். இந்தக் குட்டிப் பெட்டியை மானிட்டரின் முதுகிலேயே திருகி வைக்கலாம், 100 மில்லிமீட்டர் இடைவெளியில் நாலு துளை அதற்காகவே இருக்கும். மேசையில் இடம் மிச்சம். ஆனால் சில மானிட்டர்களில் ஸ்டாண்டே அந்தத் துளைகளில்தான் மாட்டியிருக்கும், வாங்கும் முன் பாருங்கள்.

உயரத்துக்கு, திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்துக்கு வர வேண்டும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறது. அதைப் படித்துவிட்டு, அக்காவின் இரண்டு மானிட்டரையும் அப்பாவின் பழைய வருமான வரிப் புத்தகங்களின் மேல் அழகாக ஏற்றி வைத்தேன். ஒரு வாரத்தில் கழுத்து வலி முன்னைவிட அதிகமானது. அக்கா சொல்லவில்லை. அவர் வேலை செய்வதைப் பக்கவாட்டில் நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது, தாடையைத் தூக்கி, தலையைப் பின்னால் சாய்த்துத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் போட்டிருப்பது பைஃபோகல் கண்ணாடி. கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கும் வில்லை கண்ணாடியின் கீழ்ப்பாதியில் இருக்கிறது. அதன் வழியாகப் பார்க்க வேண்டுமென்றால், திரை உயர உயரத் தலை பின்னால் போகத்தான் செய்யும். பைஃபோகல் போடுபவர்களுக்குத் திரை தாழ்ந்து இருக்க வேண்டும், அடிப்பக்கம் கொஞ்சம் முன்னால் வந்து, முகம் மேல்நோக்கிச் சாய்ந்து இருக்க வேண்டும்.

அன்றைக்குச் சாயங்காலம் எல்லாரும் போன பிறகு, அக்காவை நாற்காலியில் உட்கார வைத்து, புத்தகத்தை ஒவ்வொன்றாக உருவினேன். இடது திரையில் டாலி, வலது திரையில் போன மாத 2பி. ஒவ்வொரு தடவையும் அவர் ஒரு இன்வாய்ஸ் எண்ணை இடமிருந்து வலம் ஒத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

"இப்போ எப்படி அக்கா?"

"தேவலை."

இன்னொரு புத்தகம்.

"இப்போ?"

தலையை அசைக்காமல் ஒரு வரி முழுக்கப் படித்தார். அடுத்த வரியும் படித்தார். அப்புறம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "இன்னும் ஒரு விரல் மட்டும் இறக்கு தம்பி" என்றார்.